படத்தில் இல்லாதவர் யார்? பயிற்சி ஆசிரியர்களோடு கருத்துப்படம் வரைந்த அனுபவம்

மலேசியாவின் பினாங்கில் பயிற்சி ஆசிரியர்களுக்கு விரிவுரையாளராகப் பணியாற்றும் நான், உலகளாவிய சிக்கல்களை வகுப்பறையில் எப்படிப் பேசுவது என்ற பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றப் போகும் இவர்களுக்கு இந்தப் பாடம் வெறும் பொது அறிவு அன்று. 2017-இல் நடப்புக்கு வந்த சீராய்வு செய்யப்பட்ட தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில், எல்லாப் பாடங்களிலும் கலந்து கற்பிக்க வேண்டிய விரவிவரும் கூறுகளுள் ஒன்றாக உலகளாவிய நிலைத்தன்மையும் இடம்பெற்றுள்ளது. ஆனால் நடைமுறையில் பெரும்பாலான நாள் பாடத்திட்டங்களில் அந்தச் சொல் ஒரு கட்டத்துக்குள் எழுதப்படுவதோடு நின்றுவிடுகிறது. நெகிழி, அகதிகள், புகைமூட்டம், புலம்பெயர்ந்த தொழிலாளர் ஆகியவற்றைப் பற்றி ஓர் ஆசிரியர் தாமே ஆழ்ந்து சிந்தித்திருந்தால்தான் பத்து வயதுப் பிள்ளையிடம் அவற்றை நேர்மையாகப் பேச முடியும். அந்தச் சிந்தனையைத் தூண்டுவதற்கு நான் பயன்படுத்திய வழிகளுள் மிகவும் பயன் தந்தது, பயிற்சி ஆசிரியர்களையே கருத்துப்படம் (கார்ட்டூன்) வரையச் செய்ததுதான்.

கட்டுரை எழுதச் சொன்னால் என்ன நடக்கும் என்பதைத் தமிழாசிரியர்கள் அனைவரும் அறிவர். தொடக்கப்பள்ளி முதல் தேர்வுக்காகக் கட்டுரை எழுதிப் பழகிய கைகளில் வாக்கியங்கள் தயாராகவே இருக்கின்றன. அரசாங்கமும் பொதுமக்களும் கைகோத்துச் செயல்பட வேண்டும் என்று முடியும் கட்டுரையை எந்தத் தலைப்புக்கும் எழுதிவிடலாம். ஆறு மாசுபடுத்தப்படுகிறது, காடுகள் அழிக்கப்படுகின்றன என்று எழுதும்போது, மாசுபடுத்துபவர் யார், அழிப்பவர் யார் என்று சொல்லாமலேயே பக்கத்தை நிரப்பிவிட முடிகிறது. படத்தில் அது முடியாது. ஆற்றில் குப்பை விழுகிறது என்றால் அதைக் கொட்டும் கை யாருடையது என்று வரைந்தாக வேண்டும். அந்தக் கையில் கைக்கடிகாரம் இருக்கிறதா, ரப்பர் கையுறை இருக்கிறதா என்று முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவில்தான் வரைபவருடைய உண்மையான நம்பிக்கை வெளிப்படுகிறது. வரையச் சொல்வதற்கு நான் கண்ட முதன்மையான காரணம் இதுவே.

தொடக்கத்தில் எல்லாத் தொகுதியினரும் தமக்கு வரைய வராது என்றே சொல்வார்கள். அந்தத் தயக்கத்தை நீக்க, பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனின் தெருக்களே எனக்குக் கைகொடுத்தன. பழைய நகரின் சுவர்களில், இரும்புக் கம்பியை வளைத்து உருவாக்கிய 52 கேலிச்சித்திரங்கள் இருக்கின்றன. ஒரு தெருவுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது, அங்கே என்ன தொழில் நடந்தது என்பதை ஒரே கறுப்புக் கோட்டில் சொல்லிவிடும் படங்கள் அவை. வண்ணமும் நிழலும் இல்லாமல் கோடும் சில சொற்களும் மட்டுமே கொண்ட அவற்றின் முன் பயிற்சி ஆசிரியர்களை நிறுத்தி, எது பெரிதாக்கப்பட்டிருக்கிறது, எது விடப்பட்டிருக்கிறது, எழுத்தை நீக்கினால் படம் புரியுமா என்று கேட்பேன். குறியீடு, மிகைப்படுத்தல், பெயரிடல், இரு பொருள்களை அருகருகே வைத்தல் ஆகிய கருத்துப்பட உத்திகளை விரிவுரை மண்டபத்தில் விளக்குவதைவிட அங்கே விளக்குவது எளிது. 1906-இல் தொடங்கப்பட்ட 'இந்தியா' வார இதழில் பாரதியார் கருத்துப்படங்களை வெளியிட்டார் என்ற செய்தியையும் அப்போது சொல்வேன். வாசிக்கத் தெரியாதவருக்கும் அரசியலைக் கொண்டு சேர்க்கத் தமிழ் இதழியல் நூறு ஆண்டுகளுக்கு முன்பே படத்தைக் கையில் எடுத்தது என்பதை அறியும்போது, இது விளையாட்டுப் பயிற்சி அன்று என்ற எண்ணம் அவர்களுக்கு வந்துவிடுகிறது. பொருள்களைப் பொறுத்தவரை, வெள்ளைத் தாளும் தடித்த கறுப்பு மார்க்கர் பேனாவும் போதும். பென்சிலையும் அழிப்பானையும் நான் அனுமதிப்பதில்லை. அழிப்பான் கையில் இருந்தால் அழகாக வரைவதிலேயே நேரம் போய்விடும்.

முதல் சுற்றில் வரும் படங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கண்ணீர் வடிக்கும் பூமிப் பந்து, வாயில் வெப்பமானி வைத்த பூமிப் பந்து, பூமியைத் தாங்கிப் பிடிக்கும் இரண்டு கைகள், மூக்கில் உறிஞ்சுகுழல் சிக்கிய ஆமை. இவை இணையத்திலும் சுவரொட்டிகளிலும் பார்த்துப் பார்த்து மனத்தில் பதிந்தவை. பார்ப்பவருக்கு இரக்கம் ஏற்படுத்துமே தவிர எந்தக் கேள்வியையும் எழுப்பாதவை. ஆகவே பூமிப் பந்தை வரையக் கூடாது என்று ஒரு விதி வைத்தேன். மனிதர் ஒருவரேனும் படத்தில் இருக்க வேண்டும், அவர் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும் என்பது இரண்டாம் விதி. இந்த இரண்டு விதிகளும் நடப்புக்கு வந்த பிறகே படங்கள் பேசத் தொடங்கின. வேறெந்தப் பரிந்துரையையும் ஏற்காவிட்டாலும், இந்த முறையைப் பின்பற்ற நினைக்கும் சக ஆசிரியர்கள் இவ்விரண்டையும் கடைப்பிடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நெகிழிக் கழிவைப் பற்றிய அமர்வைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு தொகுதியில் வந்த முதல் படங்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் குற்றவாளி ஒரு சிறுவனாகவோ, சந்தைக்குப் போய்வரும் இல்லத்தரசியாகவோ, ஆற்றங்கரையில் வாழும் ஏழையாகவோ இருந்தார். படங்களைச் சுவரில் ஒட்டியபின், இவற்றில் இல்லாதவர் யார் என்று கேட்டேன். நெகிழியை உற்பத்தி செய்பவர் எந்தப் படத்திலும் இல்லை என்று ஒருவர் சொன்னார். வேறு நாடு எதுவும் இல்லை என்று இன்னொருவர் சொன்னார். அதன் பிறகே தரவுகளை முன்வைத்தேன். நெகிழிக் கழிவு இறக்குமதியைச் சீனா 2018-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தடை செய்தபோது, பணக்கார நாடுகளின் கழிவு மலேசியாவை நோக்கித் திரும்பியது. சிலாங்கூரின் ஜென்ஜாரோம் பகுதியிலும் கெடாவின் சுங்கை பட்டாணியிலும் உரிமமில்லாத ஆலைகள் முளைத்தன. மறுசுழற்சிக்கு உதவாத கழிவு இரவில் எரிக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துக்குள் 150 கொள்கலன்களில் 3,737 டன் கழிவை 13 நாடுகளுக்கு மலேசியா திருப்பி அனுப்பியிருந்தது. அவற்றுள் 43 கொள்கலன்கள் பிரான்சுக்கும் 42 பிரிட்டனுக்கும் சென்றன. பினாங்குத் துறைமுகத்தில் தேங்கிக் கிடந்தவையும் அவற்றில் அடங்கும். அபாயகரமான கழிவுகளை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையில் நெகிழிக் கழிவுக்கென 2019-இல் ஏற்கப்பட்ட திருத்தங்கள் 2021 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தன.

சுங்கை பட்டாணியிலிருந்து வந்திருந்த ஒரு பயிற்சி ஆசிரியை அதுவரை பேசாமல் இருந்தவர். "ஐயா, அந்த வாடை எங்க வீட்டுக்கே வரும். ராத்திரியானா ஜன்னல சாத்திடுவோம்," என்றார். அவர் முதலில் வரைந்த படத்திலும் பையை ஆற்றில் எறியும் ஒரு சிறுவன்தான் இருந்தான். தம் வீட்டுச் சன்னலுக்கு வெளியே நடந்தது உலகச் சிக்கலின் ஒரு பகுதி என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த இரண்டாம் படத்தில், பனி பெய்யும் ஓர் ஊரில் நன்றாக உடுத்திய ஒருவர் பாட்டிலை மறுசுழற்சித் தொட்டியில் பெருமையுடன் இடுகிறார். தொட்டியின் அடியிலிருந்து நீளும் குழாய் கடலைக் கடந்து, தென்னை மரங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சமையலறையின் பின்புறத்தில் புகையாகத் திறக்கிறது. கோடுகள் கோணலாகத்தான் இருந்தன. ஆயினும் காரணமும் விளைவும் இரண்டு நாடுகளில் இருப்பதை அந்த ஒரு படம் சொல்லிவிட்டது.

விவாதம் அங்கே முடியவில்லை என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இந்தப் படம் எல்லாப் பழியையும் வெளிநாட்டுக்காரர்மேல் போடுகிறது, இங்கே ஆலை நடத்தியவரும் நிலத்தை வாடகைக்கு விட்டவரும் உள்ளூர்க்காரர்கள் அல்லவா என்று வகுப்பில் ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தார். வரைந்தவர் உடனே தம் படத்தைக் கையில் எடுத்து, குழாயின் நடுவில் ஒரு திருகுகுழாயையும் அதைத் திறந்துவிட்டுப் பணத்தை எண்ணும் ஒரு கையையும் சேர்த்தார். பாடநூலில் ஒரு பத்தியாக வரும் செய்தியை மாணவர்கள் இப்படித் தாமே கட்டியெழுப்பி, தாமே திருத்திக்கொள்வதை நான் வேறெந்த நடவடிக்கையிலும் இந்த அளவுக்குக் கண்டதில்லை.

படங்களை வாசிக்கும் முறைக்கு ஓர் ஒழுங்கு தேவை. வரைந்தவர் முதலில் பேசக் கூடாது. மற்றவர்கள் தாங்கள் காண்பதை மட்டும் சொல்ல வேண்டும்: இங்கே ஒரு குழாய் இருக்கிறது, இவர் சிரிக்கிறார், இவருக்கு முகம் இல்லை. பொருள் கூறுவது அதற்குப் பிறகுதான். பார்ப்பதற்கும் பொருள் கூறுவதற்கும் இடையில் இந்த இடைவெளியை வைக்காவிட்டால், வகுப்பில் உரக்கப் பேசும் இருவர் சொன்னதே எல்லாருடைய கருத்தாகிவிடும். பொருள் கூறி முடித்தபின் வரைந்தவர் பேசுவார். தாம் எண்ணியதற்கும் மற்றவர்கள் புரிந்துகொண்டதற்கும் உள்ள வேறுபாட்டை அவரே குறித்துக்கொள்வார். அதன்பின் படத்தில் இல்லாதவரைப் பற்றிய கேள்வி, பிறகு தரவுகள், ஒரு வார இடைவெளிக்குப் பின் இரண்டாம் படம். தரவுகளை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் எல்லாரும் அந்தத் தரவுகளையே வரைந்துவிடுவார்கள். அவர்கள் உண்மையில் என்ன நினைத்திருந்தார்கள் என்பது எவருக்கும் தெரியாமலேயே போய்விடும். வகுப்பு பெரிதாக இருந்தால் மாஜோங் எனப்படும் பெரிய தாளில் குழுவாக வரையலாம் என்றாலும், முதல் படத்தைத் தனியாக வரையச் செய்வதே நல்லது. குழுவில் வரைபவர் ஒருவர், பார்ப்பவர் மூவர் என்றாகிவிடுகிறது.

புலம்பெயர்ந்த தொழிலாளர் என்ற தலைப்பே எங்களுக்கு மிகவும் கடினமானதாக இருந்தது. பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் 1972-இல் உருவானது முதல் பினாங்கின் வாழ்வு தொழிற்சாலைகளோடு பின்னிப் பிணைந்தது. இன்று அங்கே நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியா, மியன்மார் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். பயிற்சி ஆசிரியர்களின் முதல் படங்களில் அவர்கள் முகமில்லாத கூட்டமாகவும், சில வேளைகளில் உள்ளூர்க்காரரின் நாற்காலியைப் பறிக்கும் உருவமாகவும் வந்தார்கள். அவற்றை வரைந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். காதில் விழுந்ததை வரைந்தார்கள். ஒரு நேப்பாளியின் பெயரேனும் தெரியுமா, அவர் இங்கே வர யாருக்கு எவ்வளவு கடன்பட்டார் என்பது தெரியுமா, அவருடைய கடப்பிதழ் யார் கையில் இருக்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை.

அப்போது பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் வரலாற்றை எடுத்தேன். 19-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள். பயணச் செலவே கடனாகி, அந்தக் கடனே அவர்களைத் தோட்டத்தில் கட்டிவைத்தது. அந்த ஒப்பந்த முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. தோட்ட மேற்பார்வையாளரான கங்காணி தம் ஊரிலிருந்து ஆளெடுத்து வரும் கங்காணி முறை அதற்குப் பின்னும் 1938 வரை தொடர்ந்தது. நிபோங் திபாலைச் சேர்ந்த ஒரு பயிற்சி ஆசிரியர் தம் பாட்டியிடம் பேசிவிட்டு வந்து வரைந்த படத்தில் இரண்டு வரிசைகள் இருந்தன. ஒன்றில் தகரப் பெட்டியுடன் வேட்டி கட்டியவர்கள், மற்றொன்றில் முதுகுப்பையுடன் நிற்பவர்கள். இரண்டு வரிசைகளும் போய்ச் சேரும் மேசையில் ஒரே பேரேடு இருந்தது. இரண்டு காலங்களும் ஒன்றே என்று அந்தப் படம் சொல்லிவிடக் கூடாது என்பதையும் நாங்கள் நெடுநேரம் பேசினோம். அன்றைய அரசு காலனிய அரசு, இன்றைய சட்டங்கள் வேறு, அன்று வந்தவர்களின் பிள்ளைகள் இந்நாட்டின் குடிமக்களானார்கள். ஒப்புமை எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று படத்தின்மீதே கோடிட்டுக் காட்டச் சொன்னேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியராகப் போகும் ஒருவருக்கு, பிறருடைய துயரத்தைத் தம் சமூகத்தின் நினைவோடு இணைத்துப் பார்க்கத் தெரிவதும், அந்த இணைப்பின் எல்லையை அறிவதும் இன்றியமையாதவை என்றே கருதுகிறேன்.

இந்த அமர்விலிருந்துதான் மூன்றாவது விதி பிறந்தது. மிகைப்படுத்தல் கருத்துப்படத்தின் உயிர்; ஆனால் எதை மிகைப்படுத்துவது என்பதில் ஆசிரியர் உறுதியாக இருக்க வேண்டும். செயலை மிகைப்படுத்தலாம், அதிகாரத்தை மிகைப்படுத்தலாம், பணப்பையைப் பெரிதாக்கலாம். தோல் நிறம், உதடு, மூக்கு, சமய உடை ஆகியவற்றை ஒருவரை அடையாளம் காட்டுவதற்கான கேலிப்பொருளாக ஆக்கக் கூடாது. பல இனத்தவர் சேர்ந்து வாழும் நாட்டில் இது மரியாதை சார்ந்த அறிவுரை மட்டும் அன்று, பணி சார்ந்த பொறுப்பும் ஆகும். லாட் என்ற பெயரில் நாடறிந்த கேலிச்சித்திரக் கலைஞர் முகமட் நோர் காலிட், மலாய்க்காரர், சீனர், இந்தியர் என எல்லாரையும் அன்பு குறையாமல் வரைந்து சிரிக்க வைத்தவர். அவருடைய படங்களில் மனிதரின் நடையும் பழக்கமும் சூழலும் எப்படிச் சிரிப்பை வரவழைக்கின்றன என்று பார்க்கச் சொன்னால், பயிற்சி ஆசிரியர்கள் இந்த விதியை எளிதில் புரிந்துகொள்கிறார்கள்.

அகதிகளைப் பற்றிய படங்களும் இதே வழியில் வந்தன. 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை என்பதும், ரோஹிங்கியா போன்ற அகதிக் குடும்பங்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் சேர முடிவதில்லை என்பதும் பயிற்சி ஆசிரியர்களில் பலருக்குப் புதிய செய்தி. பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நிற்கும் பிள்ளையை வரைந்தவர்களிடம், அந்த வேலிக்கு உள்ளே ஆசிரியர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் கேட்டேன். காடுகளும் தோட்ட நிலங்களும் எரிக்கப்படுவதால் எழும் புகைமூட்டத்தைப் பற்றி நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை. 2015-இலும் 2019-இலும் பள்ளிகள் மூடப்பட்டதை அவர்களே அனுபவித்திருக்கிறார்கள். முதலில் வந்த படங்கள் இந்தோனேசியாவை நோக்கியே விரல் நீட்டின. அங்குள்ள செம்பனைத் தோட்டங்களில் மலேசிய நிறுவனங்களின் முதலீடும் இருப்பதையும், எல்லை தாண்டிய புகைமூட்டம் பற்றிய ஆசியான் உடன்பாடு 2002-இல் கையெழுத்தாகியும் இந்தோனேசியா அதை 2014-இல்தான் ஏற்புறுதி செய்தது என்பதையும் சேர்த்துச் சொன்னபின், விரல்களின் திசை பலவாறாக மாறியது.

மதிப்பீட்டைப் பற்றிச் சக விரிவுரையாளர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் ஓவியத் திறனுக்குப் புள்ளி கொடுப்பதில்லை. முதல் படம், இரண்டாம் படம், இரண்டுக்கும் இடையே ஏன் மாற்றம் வந்தது என்று எழுதும் ஒரு பக்கச் சிந்தனை மீட்சி ஆகிய மூன்றையும் சேர்த்தே மதிப்பிடுகிறேன். மாற்றமே இல்லாமல் அதே படத்தை அழகுபடுத்திக் கொண்டுவந்தவரைவிட, தம் கருத்தை மாற்றிக்கொண்டதற்கான காரணத்தைத் தெளிவாக எழுதியவருக்கே கூடுதல் புள்ளி கிடைக்கும். கருத்தை மாற்றவில்லை என்றாலும், எதிர்வாதத்தைக் கேட்ட பிறகும் தம் நிலையில் நிற்பதற்கான நியாயத்தைச் சொன்னால் அதுவும் ஏற்புடையதே. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கொண்டு படம் உருவாக்குவதை இந்த நடவடிக்கையில் நான் அனுமதிப்பதில்லை. வேறு பாடங்களில் அவை பயன்படட்டும். இங்கே ஒவ்வொரு கோட்டைப் பற்றியும் வரைபவர் தாமே முடிவெடுப்பதே பயிற்சி. அந்த முடிவைச் செயலியிடம் ஒப்படைத்தால், நாங்கள் விலக்கிவைத்த அழும் பூமிப் பந்துதான் இன்னும் பளபளப்பாகத் திரும்பி வரும்.

பள்ளிப் பயிற்சிக்குச் சென்ற சிலர் இந்த முறையைத் தமிழ்ப்பள்ளிகளுக்குக் கொண்டுசென்றார்கள். படிநிலை ஒன்றில், அதாவது முதல் மூன்று ஆண்டுகளில், பிள்ளைகளையே வரையச் செய்வதைவிட ஆசிரியர் வரைந்த படத்தோடு தொடங்குவது எளிதாக இருந்தது. இங்கிலாந்தில் பிரெண்டா கியோவும் ஸ்டுவர்ட் நெய்லரும் 1990-களின் தொடக்கத்தில் அறிவியல் பாடத்துக்காக உருவாக்கிய கருத்துருக் கேலிச்சித்திர முறை இதற்கு ஏற்றது. ஒரு நிகழ்வைச் சுற்றி நிற்கும் பிள்ளைகள் ஆளுக்கொரு கருத்தைச் சொல்லும் படம் அது. யார் சொல்வது சரி என்று வகுப்பு விவாதிக்கும். பாடத்தின் தொடக்கமான பீடிகைக்கு இதைப் பயன்படுத்திவிட்டு, ஒரு பேச்சுக் குமிழியை மட்டும் வெறுமையாக விட்டுப் பிள்ளைகளை நிரப்பச் சொல்லலாம். நான்காம் ஆண்டுக்கு மேற்பட்டவர்கள் தாங்களே வரைந்தார்கள். மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளில் இந்த நடவடிக்கை மிக நன்றாக நடந்தது. ஒவ்வொரு பிள்ளையின் படத்துக்கும் நேரம் கொடுக்க முடிந்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பில், சில படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து வாசிப்பதே நடக்கக்கூடியது.

பிள்ளைகளின் படங்களில் ஆசிரியர் எதிர்பாராத செய்திகளும் வரும். உலகச் சிக்கலை வரையச் சொன்னபோது, ஒரு பிள்ளை தன் தந்தையின் வேலை போனதையும் வீட்டு வாசலில் கடன்காரர் நிற்பதையும் வரைந்திருந்தது. அத்தகைய படத்தைச் சுவரில் ஒட்டி எல்லாரையும் வாசிக்கச் சொல்லக் கூடாது. படங்களைக் காட்சிக்கு வைக்குமுன் ஆசிரியர் அனைத்தையும் தனியே பார்த்துவிட வேண்டும். வீட்டுநிலை தெரியும் படம் இருந்தால் பிள்ளையிடம் தனியாகப் பேசி, தேவைப்பட்டால் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் தெரிவிக்க வேண்டும். படங்களைக் கைப்பேசியில் பிடித்துப் பெற்றோரின் புலனக் குழுவுக்கு அனுப்பும் பழக்கம் இப்போது எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. வரைந்த பிள்ளையும் பெற்றோரும் ஒப்புதல் அளித்த படங்களை மட்டுமே, அதுவும் பெயரை மறைத்து அனுப்புங்கள் என்று, பள்ளிப் பயிற்சிக்குச் செல்லும் ஒவ்வொருவரிடமும் புறப்படுமுன் சொல்லி அனுப்புகிறேன்.